ஸ்டெத் அக்காவின் இடது காது

“ஃபேனை நிறுத்துங்க சார். ம்… இப்போ போடுங்க. மூணுல வைங்க. ஃபோனைக் கையில எடுத்துக்குங்க. ஐயோ, கட்டில் மேல ஏறாதீங்க, தலை போயிரும்! உக்காந்தபடியே கையை மட்டும் மேல தூக்குங்க. ஆங், அப்படியே. இப்போ நீங்க பேசாதீங்க, அது பேசட்டும்.”

ஃபோனில் இதைச் சொல்லிவிட்டு அக்கா கண்களை மூடிக்கொள்கிறார். வலது காதில் ஒரு துளி பஞ்சு. ரிசீவர் இடது காதோடு ஒட்டியிருக்கிறது. கம்பெனி கொடுத்த புத்தம் புது ஹெட்ஃபோன் மேசை விளக்கின் கழுத்தில் சும்மா தொங்குகிறது. பத்து விநாடி கழித்துக் கண் திறக்கும்போது அவருக்கு விஷயம் பிடிபட்டிருக்கும்.

“வயித்துக்குள்ள முனகுது சார். கப்பாசிட்டர் போயிருச்சு. நாளைக்கு ஆள் வந்து மாத்துவாங்க. அதுவரைக்கும் ரெண்டுலயே ஓட்டுங்க. பாவம், ரொம்ப விரட்டாதீங்க.”

இதற்காகத்தான் ‘ஸ்டெத் அக்கா’ என்று பெயர். டாக்டர் கழுத்தில் மாட்டும் ஸ்டெதஸ்கோப்பின் முதல் பாதி. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது. ஆனால் அட்டையை எப்போதும் திருப்பித்தான் போட்டிருப்பார், புகைப்படத்தில் தும்மப் போகிறவர் மாதிரி விழுந்திருப்பதால். வயது நாற்பத்தெட்டு. கூரை மின்விசிறி செய்யும் கம்பெனியில், புகார் கேட்கும் பிரிவில் பதினான்கு வருஷமாக இருக்கிறார். முனகல், கரகரப்பு, இருமல், பல்லைக் கடிக்கிற சத்தம் என்று மின்விசிறியின் நோய்களுக்கு அவரிடம் தனி அகராதியே உண்டு. உறவினர் வீட்டுக்குப் போனால் நலம் விசாரிக்கும் முன்பே அண்ணாந்து பார்ப்பார். வேறு கம்பெனி ஃபேனாக இருந்தால் நாற்காலியை மெதுவாக ஓர் அடி நகர்த்திப் போட்டுக்கொள்வார்.

அவருடைய கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறார். “எங்க வீட்ல கண்ணு அவரு டிபார்ட்மெண்ட், காது என் டிபார்ட்மெண்ட். வாய்தான் ரெண்டு பேருக்கும் பொது” என்பார் அக்கா.

அவர் சேர்ந்தபோது கம்பெனி என்பது ஒரு பேக்கரிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. முதலாளியையும் சேர்த்து மொத்தம் நான்கு பேர். முதலாளி அவரைவிட ஆறு வயது இளையவர். கையில் கிரீஸோடு வந்து அக்காவின் டிபன் பாக்ஸை எட்டிப் பார்ப்பார். புகார் வந்தால் அக்கா தலையை மட்டும் திருப்பி, “தம்பி, நேத்து அனுப்பின லாட்டுல பேரிங் சரியில்ல” என்பார். மறுநாள் பேரிங் மாறியிருக்கும். அவ்வளவுதான் நிர்வாகம்.

இப்போது நான்கு மாடி, அறுநூறு பேர். கடைசி மூன்று வருஷத்தில் கம்பெனி மளமளவென்று வளர்ந்தது, அளவெடுத்த சட்டை தைத்து முடிப்பதற்குள் சின்னதாகிவிடும் பிள்ளையைப் போல. அக்காவின் நாற்காலி மட்டும் ஏழு இடம் மாறிவிட்டது. வாசலில் மாதத்துக்கு ஒரு புதுக் காவலாளி. ஒவ்வொருவரும் அவரை நிறுத்தி, “யாரைப் பார்க்கணும்?” என்பார்கள்.

“என்னைத்தான் தம்பி. நான் உள்ளதான் இருப்பேன். கொஞ்சம் வழி விட்டா போய்ப் பார்த்துக்குவேன்.”

கூட்ட அறைகளுக்குக் காற்றுகளின் பெயர் வைத்திருக்கிறார்கள். தென்றல், வாடை, சூறாவளி. ஒருநாள் கணவர் ஃபோன் செய்தபோது அக்கா குரலைத் தாழ்த்தி, “சூறாவளிக்குள்ள மாட்டிக்கிட்டேன், வெளிய வர ஒரு மணி நேரமாகும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மனிதர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, குடையோடு கம்பெனி வாசலுக்கு வந்து நின்றார்.

குறை சொல்ல ஆரம்பித்தால் அக்காவுக்கு நேரம் போவதே தெரியாது. ஒரு டப்பா திருகாணி வாங்க ஐந்து கையெழுத்து. ஐந்தாவது கையெழுத்துக்காரர் விடுப்பில். ஆனாலும் வளர்ந்த கம்பெனியை அவர் விட்டுக்கொடுத்ததும் இல்லை. கணவருக்குக் கண்ணில் புரை விழுந்தபோது ஆபரேஷனை முழுவதும் கம்பெனி இன்சூரன்ஸ்தான் பார்த்துக்கொண்டது. தகரக் கொட்டகையில் பெண்களுக்கென்று கழிப்பறைகூடக் கிடையாது, பேக்கரிக்காரர் தயவில்தான் காலம் ஓடியது. இப்போது மாடிக்கு இரண்டு இருக்கின்றன, கண்ணாடியோடு. “அந்தக் காலம் அந்தக் காலம்னு உருகுறவங்களை அந்த பேக்கரி பின்பக்கம் ஒரு நாள் நிக்க வைக்கணும்” என்பார்.

அக்காவின் மேலதிகாரிக்கு இருபத்தேழு வயது. புகார்களை எல்லாம் கம்ப்யூட்டரில் ‘டிக்கெட்’ என்ற எண்ணிட்ட பதிவாக்கும் முறையைக் கொண்டுவந்தவர் என்பதால் அவருக்கு ‘டிக்கெட் தம்பி’ என்று பெயர். பெயர் வைத்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. மரியாதையான பையன். அவருடைய கணக்குப்படி ஒரு புகாரை நான்கு நிமிஷத்தில் முடிக்க வேண்டும். அக்காவுக்கு ஒன்பது நிமிஷம் ஆகிறது. அதனால் மாதா மாதம் சுவரில் ஒட்டும் பட்டியலில் முப்பது பேர் பச்சையில் இருப்பார்கள், அக்கா மட்டும் சிவப்பில்.

“மேடம், நீங்க ஏன் ஃபேன் முழுசா நிக்குற வரைக்கும் லைன்லயே இருக்கீங்க? அதுவே ஒன்றரை நிமிஷம் போயிடுது.”

“ஓடும்போது எல்லா ஃபேனும் பொய் சொல்லும் தம்பி. நிக்கப் போறப்பத்தான் உண்மையைக் கக்கும்.”

தம்பி சிரித்தார். ஆனால் சிவப்பு சிவப்பாகவே இருந்தது. அடுத்த மாதமும் இப்படியே போனால் அக்காவை ஃபோனிலிருந்து எடுத்துக் காகித வேலைக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்று, முகத்தைப் பார்க்காமல், சொல்லவும் செய்தார்.

இந்த நேரத்தில்தான் அந்தச் சத்தம் வந்தது.

ஒரு மத்தியான வேளை. ஃபேன் லேசாக ஆடுகிறது என்று ஒருவர் புகார். அக்கா வழக்கம்போல நிறுத்தச் சொன்னார். இறக்கைகள் வேகம் தளர்ந்து, கடைசி இரண்டு மூன்று சுற்றில் சோம்பலாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது மேலிருந்து ஒரே ஒரு ‘டொக்’. அக்கா கண்ணைத் திறந்தார். பதினான்கு வருஷத்தில் கேட்காத சத்தம். அவருடைய அகராதியில் அதற்குப் பெயர் இல்லை.

இரண்டு நாள் கழித்து வேறொரு வீட்டிலிருந்து அதே டொக். மறுநாள் இன்னும் இரண்டு. ஒன்பது நாளில் பதினொன்று ஆயிற்று. எல்லாமே புதுத் தொழிற்சாலையிலிருந்து போன ஃபேன்கள்.

அக்கா முறைப்படிதான் போனார். டிக்கெட் போட்டார். சத்தம் என்றால் கம்ப்யூட்டர் ‘பொது’ என்ற பெட்டியில் போட்டு, திருகாணிகளை இறுக்கவும் என்று வாடிக்கையாளருக்குத் தானாகவே பதில் அனுப்பி, சிரித்த முகப் பொம்மை ஒன்றையும் ஒட்டி, டிக்கெட்டை மூடிவிட்டது. பதினொன்றையும் மூடிவிட்டது.

“சிஸ்டத்துல டொக்னு ஒரு கேட்டகரி இல்ல மேடம்” என்றார் டிக்கெட் தம்பி, உண்மையான வருத்தத்தோடு.

“இல்லாததுனாலதானே தம்பி பயமா இருக்கு.”

பதினொரு பேரில் ஒருவர், தையல் வேலை செய்யும் பெண்மணி, அக்காவின் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளிக் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அக்கா கணவரையும் ஏணியையும் கிளப்பிக்கொண்டு போனார். கூரைக் கொக்கியில் ஃபேன் தொங்கும் இடத்தில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு ரப்பர் உருளை உண்டு. முழு எடையும் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கும். கணவர் ஃபேனை இறக்கி, போல்ட்டைக் கழற்றி, அந்த ரப்பரை எடுத்தார். அது ரஸ்க் மாதிரி அவர் விரலுக்குள் உதிர்ந்தது. கழற்றும் முன்பே போல்ட்டின் மரை பாதி வெளியே வந்திருந்தது.

ஃபேன் தொங்கிய இடத்துக்கு நேர் கீழே தையல் மெஷின். மெஷினின் மிதிகட்டைக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை நூல்கண்டுகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று தன் வீட்டு ஃபேனிலிருந்து கழற்றிக் கொண்டுவந்திருந்த பழைய ரப்பரை அங்கே மாட்டச் சொன்னார் ஸ்டெத் அக்கா. உதிர்ந்ததைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

திங்கட்கிழமை காலையில் உற்பத்திப் பிரிவுக்குப் போனார். அங்கே ஸ்டோரிலிருந்து புது ஃபேன் ஒன்றை எடுத்து ஓட்டிக் காட்டினார்கள். டொக் வரவில்லை. “பாருங்கம்மா, பாஸ்” என்றார்கள். புதிதாக இருக்கும்போது வராது, ஒரு மாதம் சூட்டில் ஓடினால்தான் வரும் என்று அக்கா சொன்னதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெளியே வந்தபோது லாரிகளில் ஏற்றுவதற்கு அட்டைப்பெட்டிகள் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மூவாயிரத்து இருநூறு ஃபேன்கள், எல்லாம் பள்ளிக்கூடங்களுக்கு. கம்பெனி தொடங்கியதிலிருந்து கிடைத்த மிகப் பெரிய ஆர்டர். வியாழக்கிழமை கிளம்புகிறது.

முதலாளியின் செயலாளர் திரையைப் பார்த்து, “சார் பதினெட்டு நாளைக்கு ஃபுல்லா பிஸி. பத்தொன்பதாம் நாள் பதினைஞ்சு நிமிஷம் தரலாம்” என்றார்.

“அவரு என் டிபன் பாக்ஸ்ல கை விட்டவரும்மா.”

“அதுக்குத் தனி ஃபார்ம் இல்லையே மேடம்” என்றார் அந்தப் பெண். கிண்டலா நிஜமா என்று அக்காவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

லிஃப்டில் இறங்கும்போது அழாத குறை. அப்போதுதான் லிஃப்டுக்குள் இருந்த சிறு திரையில் அறிவிப்பு ஓடியது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வரவேற்பு, நாளை காலை பத்து மணி, தென்றல் அறை, முதலாளி நேரில் உரையாடுவார். அக்கா அதே லிஃப்டில் மேலே போய் மறுபடி கீழே வந்தார், சரியாகப் படித்தோமா என்று பார்த்துக்கொள்ள.

வீட்டில் சொன்னதும் கணவர் கண்ணாடியை மூக்கிலிருந்து இறக்கினார்.

“பதினாலு வருஷம் கழிச்சுப் புதுசா சேரப் போறியா? பிடிச்சுக்கிட்டா?”

“பிடிச்சா என்ன பண்ணுவாங்க? மறுபடி சேர்த்துக்குவாங்க.”

செவ்வாய்க்கிழமை காலை, தென்றல் அறை வாசலில் பட்டியலோடு நின்ற இளம்பெண் விரலால் தேடினாள். “உங்க பேரு லிஸ்ட்ல இல்லையே?”

“இருக்காதும்மா. நான் சேரும்போது லிஸ்ட்டே கிடையாது.”

அந்தப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, கையால் ஒரு வரி எழுதிச் சேர்த்துக்கொண்டு ஒரு பை கொடுத்தாள். பையில் கோப்பை ஒன்று, நோட்டு ஒன்று, சட்டையில் குத்திக்கொள்ள ‘புதியவர்’ என்று எழுதிய பச்சை வில்லை. அக்கா வில்லையைச் சேலையில் ஒழுங்காகக் குத்திக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் கட்டைமுடி வைத்த ஒரு பெண். சோதனைக்கூடத்துக்கு இன்றுதான் இன்ஜினீயராகச் சேர்ந்திருக்கிறாள்.

“நீங்க எந்த டிபார்ட்மெண்ட்?” என்று கேட்டாள்.

“காது” என்றார் அக்கா.

முதலாளி வந்தார். நரை விழுந்திருந்தது. அவரை இவ்வளவு பக்கத்தில் பார்த்து ஒரு வருஷமிருக்கும். நன்றாகப் பேசினார். கொட்டகையைப் பற்றி, மழை பெய்தால் ஃபேன்களைத் தூக்கிக்கொண்டு பேக்கரிக்குள் ஓடியதைப் பற்றி. புதியவர்கள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்கள். “நம்ப மாட்டீங்க, அப்போ நாங்க மொத்தமே மூணு பேர்தான்!” என்றார்.

மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

“நாலு பேர் சார்.”

அறை சிரித்தது. முதலாளி கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அக்கா! நீங்க எங்க இங்க?”

“உங்களைப் பார்க்கப் பத்தொன்பது நாள் ஆகும்னாங்க. புதுசா சேர்ந்தா இன்னைக்கே பார்க்கலாம்னு லிஃப்ட்ல போட்டிருந்துச்சு. அதான் சேர்ந்துட்டேன்.”

சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. முதலாளியும் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் அவர் முன்னால் இருந்த மேசையில் கைக்குட்டையை வைத்து முடிச்சை அவிழ்த்தார். “புது ஃபேன்ல வர்ற ரப்பர் சார். பழைய ரப்பர் இப்படி உதிராது.” பிறகு, கம்பெனி பதிவு செய்யும் புகார் அழைப்புகளிலிருந்து தன் ஃபோனில் எடுத்து வைத்திருந்ததைப் போட்டார். பதினொரு வீட்டின் சத்தங்கள். ஒவ்வொன்றிலும் காற்று தளர்ந்து தளர்ந்து, கடைசியில் ஒரு டொக். ஐந்தாவதுக்குள் அறை அடங்கிவிட்டது. பதினொன்றாவது முடிந்தபோது ஏசியின் சத்தம் கேட்டது.

முதலாளி ரப்பர்த் துகளை விரலில் தேய்த்துப் பார்த்தார். பழைய கிரீஸ் கைக்காரர் ஒரு நொடி எட்டிப் பார்த்த மாதிரி இருந்தது. ஆனால் வியாழக்கிழமை லாரிகளும் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும்.

“பதினொண்ணுதானேக்கா? ஆயிரக்கணக்குல போயிருக்கு. பதினொண்ணை வச்சு எப்படி…”

“இந்தப் பதினொரு பேரும் ஃபேன் நிக்குற வரைக்கும் நின்னு கேட்டவங்க சார். மத்தவங்க ஸ்விட்சைத் தட்டிட்டுப் போயிருப்பாங்க. ஸ்கூல்ல பெல்லடிச்சா எந்தப் பிள்ளை ஃபேன் நிக்குற வரைக்கும் நிக்கும்?”

முப்பது புதியவர்கள் முதலாளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கட்டைமுடிப் பெண் எழுந்தாள். சேர்ந்து ஒரு மணி நேரம்கூட ஆகாதவள்.

“சார், நாலாவது மாடியில ஒரு சூட்டுப் பெட்டி இருக்கு. போன மாசம்தான் வந்து இறங்கியிருக்கு, இன்டர்வியூவுல காட்டினாங்க. பழைய ரப்பர் ஒண்ணு, புது ரப்பர் ஒண்ணு குடுங்க. ஒரு மாசச் சூட்டை ஆறு மணி நேரத்துல காட்டிடலாம்.”

“புது ரப்பருக்கு மாத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதே நான்தான்” என்றார் முதலாளி, யாரிடம் என்றில்லாமல். பிறகு, “போடுங்க” என்றார்.

அந்த ஆறு மணி நேரமும் ஸ்டெத் அக்கா சோதனைக்கூடத்துக் கதவுக்கு வெளியே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். டிக்கெட் தம்பி இரண்டு முறை டீ கொண்டுவந்து கொடுத்தார். சீட்டை விட்டு எழுந்ததற்குக் காரணம் கேட்டுக் கம்ப்யூட்டர் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கிறது என்றார். “நான் பாத்துக்குறேன் மேடம், உக்காருங்க.”

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பெட்டி திறந்தது. பழைய ரப்பர் அழுத்தினால் துள்ளியது. புது ரப்பரைச் சுற்றிலும் வெடிப்பு, நகம் பட்டதும் பொடிந்தது. கட்டைமுடிப் பெண் அதை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து முதலாளியின் அறைக்கே எடுத்துப்போனாள். அடுத்த அரை மணியில் கீழே லாரிகளில் ஏற்றியவற்றை இறக்க ஆரம்பித்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா தனக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். கொட்டகைக் காலமாக இருந்தால் முதலாளியிடம் முதல் நாளே சொல்லியிருக்கலாம். ஆனால் ரப்பர்தான் காரணம் என்று நிரூபிக்க இரண்டு மாதம் தடவியிருப்பார்கள். அதற்குள் எந்த வீட்டில் எது விழுந்திருக்குமோ. மறுநாள் அந்த எண்ணம் இன்னும் பலமாயிற்று. புது ரப்பரோடு ஏற்கெனவே விற்றுப்போன ஃபேன்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரம். எந்த வீட்டில் எது தொங்குகிறது என்று டிக்கெட் தம்பியின் கம்ப்யூட்டர் ஒரு நிமிஷத்தில் பட்டியல் கொட்டியது. அக்காவின் பழைய நோட்டில் தேடினால் பாதிப் பெயர் டீக்கறைக்கு அடியில் இருக்கும்.

புகார்ப் பிரிவில் அக்காவோடு முப்பத்தொரு பேரும் ஒன்றரை நாள் உட்கார்ந்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் வீட்டையும் கூப்பிட்டார்கள். “ஃபேனைப் போடாதீங்க, நாங்க வந்து ஒரு ரப்பர் மாத்தித் தர்றோம்.” திட்டியவர்கள் உண்டு. நன்றி சொன்னவர்கள் உண்டு. ஒரு தாத்தா மட்டும், ஃபேன் இல்லாமல் எப்படித் தூங்குவது, அதுவரை ஃபோனிலேயே பேசிக்கொண்டிரு என்றார். அக்கா அவரோடு இருபத்திரண்டு நிமிஷம் பேசினார். பள்ளிக்கூட ஆர்டர் பழைய ரப்பரோடு பதினொரு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பள்ளிக்கூடக்காரர்கள் முணுமுணுத்தார்கள், காரணம் தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டார்கள்.

எல்லா வீட்டையும் கூப்பிட்டு முடித்த வாரக் கடைசியில் டிக்கெட் தம்பி அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். புகார் வகைகளின் வரிசையில், ‘பொது’வுக்கு மேலே புதிதாக ஒரு பெட்டி. அதில் ‘டொக’ என்று எழுதியிருந்தது. அதைத் தொட்டால் சிரித்த முகம் வராது, சோதனைக்கூடத்தில் மணியடிக்கும்.

“ரெண்டாவது எழுத்துல புள்ளி விட்டுப்போச்சு தம்பி, பாரு. டொகன்னு இருக்கு.”

தம்பி அவசரமாகப் புள்ளி வைத்தார். “அந்த நாலு நிமிஷம் மேட்டரு மேலிடத்துல பேசிட்டேன். சத்தம் கேக்குற ஃபோன்கால் மட்டும் ஒன்பது வரைக்கும் போகலாம்னுட்டாங்க.”

“அப்போ இந்த மாசம் பச்சையா?”

“தாத்தாகிட்ட இருபத்திரண்டு நிமிஷம் பேசுனீங்களே மேடம். சிவப்புதான்.”

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வலது காதுப் பஞ்சு தெறித்து விழுகிற அளவுக்குச் சிரித்தார்.

திருகாணிக்கு இன்றும் ஐந்து கையெழுத்துதான். ரப்பர் மாற்றப் போகிறவர்களுக்கு ஏணி வேண்டுமென்று அக்கா எழுதிப் போட்ட விண்ணப்பம் மூன்றாவது கையெழுத்தில் நிற்கிறது. வாசலில் வேறொரு காவலாளி வந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் காத்திருந்தது. வரவேற்புக் கூட்டத்தில் கலந்துகொண்டவர்களுக்குத் தானாகப் போகும் கேள்வித்தாள். ‘அன்புள்ள புதியவரே’ என்று தொடங்கியது. அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பொறுமையாகப் பதில் போட்டார். அறை வசதியாக இருந்ததா? இருந்தது. உங்கள் கேள்விகளுக்குப் பதில் கிடைத்ததா? கிடைத்தது. நண்பர்களை இங்கே வேலைக்குச் சேரச் சொல்வீர்களா? கொஞ்சம் யோசித்து, ‘ஆம்’ என்பதைத் தொட்டார்.

கடைசிக் கேள்வி, எங்களோடு எவ்வளவு காலமாக இருக்கிறீர்கள் என்பது. மூன்றே கட்டங்கள்தான் இருந்தன. ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம்.

பக்கத்தில் ஃபோன் அடித்தது. ஸ்டெத் அக்கா ரிசீவரை எடுத்து இடது காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, “சொல்லுங்கம்மா, கேக்குறேன்” என்றபடியே, கையை நீட்டி ‘ஒரு நாள்’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார்.